கஷ்ட காலத்து முட்டை

கவிப்ரியாவோடு நான் முதன்முதலாக நின்று பேசியது ஒரு மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை. தில்லி முனிர்காவில் மூன்றாவது மாடியில் எங்கள் அறைகள் எதிரெதிரே இருந்தன. அதுவரை படியில் பார்த்தால் சிரித்துக்கொள்வதோடு சரி. அன்று அவளே என் கதவைத் தட்டினாள்.

“நீ இங்கனயே பொறந்து வளந்தவதானே. ஹிந்தி நல்லா வரும்லா?”

“வரும்.”

“வீட்டுக்கார ஆன்ட்டிகிட்ட ஒரு விஷயம் சொல்லணும். எட்டு வருஷமா எனக்கு ‘பையா, கித்னா’ன்னு விலை கேக்குததுக்கு மேல ஓடல.”

“என்ன சொல்லணும்?”

“இதெல்லாம் கொசுப்புழு இல்லைன்னு.”

தன் அறைக்குக் கூட்டிப்போனாள். கட்டில் போக மீதி இடம் முழுவதும் இரும்பு அலமாரித் தட்டுகள். தட்டுகளில் ஊறுகாய் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் பாதித் தண்ணீர், தண்ணீருக்குள் வெள்ளையாகக் கடுகைவிடச் சிறிய புள்ளிகள், விட்டுவிட்டுத் துள்ளிக்கொண்டிருந்தன.

“அப்ப இது என்ன?”

“நீர்த்தெள்ளு. இங்கிலீஷ்ல டாப்னியா. பேருதான் தெள்ளு, நாய் மேல இருக்கே அது இல்ல. இறாலுக்குச் சொந்தக்காரி. யாரையும் கடிக்க மாட்டா.”

“இதுல ஆண் எது, பெண் எது?”

“எல்லாம் பொண்ணு.”

“எல்லாமேவா?”

“அம்மா, மக, பேத்தி, கொள்ளுப்பேத்தி, எல்லாம். ஆம்பளையே வேண்டாம். தானா முட்டை வைப்பா, தானா பொரிப்பா. அம்மா எப்படியோ அச்சு அசல் மக அப்படியே.”

“அச்சா. சௌகரியம்தான்.”

“எங்கம்மாகிட்ட இதைத்தான் சொன்னேன். ‘அந்தப் பூச்சிக்குச் சரி, உனக்கு மாப்பிள்ளை பாத்துத்தான் ஆகணும்’ங்கா. லட்சக்கணக்கா பொம்பளைப் பிள்ளை வளத்தும் அவளுக்கு ஒரு பேரன் இல்லையாம்.”

“அப்போ இதுல ஆண் எப்பவுமே வராதா?”

ஒரு பாட்டிலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“வருவான். கஷ்டம் வந்தா வருவான். குளம் வத்தும், சோறு கிடைக்காது, கூட்டம் நெருக்கும். அப்பத்தான் அவ ஆம்பளைப் பிள்ளை பெறுவா. அவன்கூடச் சேந்து வேற மாதிரி முட்டை வைப்பா. கறுப்பா, தோலு கெட்டியா, குதிரைச் சேணம் மாதிரி ஒண்ணு, அதுக்குள்ள ரெண்டு முட்டை. அவ செத்துருவா. சேணம் மண்ணுல கிடக்கும். காஞ்சாலும் ஒண்ணும் ஆகாது. வருஷக்கணக்காக் கிடக்கும்.”

“உன் பாட்டில்ல ஆண் வந்தா?”

“நான் தொலைஞ்சேன்னு அர்த்தம்,” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். “வா, ஆன்ட்டி தூங்குறதுக்குள்ள போவோம்.”

ஆன்ட்டியிடம் சொன்னேன். கடிக்காது, பறக்காது, படிப்புக்காக வளர்க்கிறாள் என்று. வீட்டுக்கார ஆன்ட்டி நல்லவர். “டீக் ஹை பேட்டா” என்று தலையாட்டி, எங்கள் இருவர் கையிலும் ஆளுக்கு ஒரு முள்ளங்கிப் பராத்தாவைத் திணித்து அனுப்பினார்.

சங்கரன்கோவிலில் கவிப்ரியாவின் வீட்டு முன்னறையே விசைத்தறிக் கூடம். அப்பா கூலிக்கு நெய்பவர். தறிச் சத்தத்துக்கு மேல் பேசி வளர்ந்ததால் அவளுக்கு மெதுவாகப் பேச வராது. மாடியில் நின்று அம்மாவோடு போனில் பேசினால், கீழே சந்தில் காய்கறி வண்டிக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். பன்னிரண்டாவது வரை தமிழில் படித்து, திருநெல்வேலியில் எம்.எஸ்ஸி. முடித்து, ஆராய்ச்சிக்காகத் தில்லிக்கு வந்தவள். அந்தக் குடும்பத்திலிருந்து விந்திய மலையைத் தாண்டிய முதல் ஆள்.

அவளை இழுத்து வந்த கேள்வி ஒரு வாழைத்தோப்பில் பிறந்தது. புளியங்குடிப் பக்கம் அவள் மாமாவின் தோப்பில் ஒரு வருஷம் வாடல் நோய் விழுந்தது. ஒரு மரம் மஞ்சளாகிச் சாய்ந்தது. அந்தப் பருவம் முடிவதற்குள் தோப்பே சாய்ந்துவிட்டது. பக்கத்துக் கொய்யா மரங்களுக்கும் ஏதேதோ நோய் வரத்தான் செய்தது. ஆனால் அவற்றில் நாலு போனால் ஆறு நின்றது.

“கல்யாண வீட்டுல ‘வாழையடி வாழையா’ன்னு வாழ்த்துதாங்கள்லா,” என்பாள். “அது வாழ்த்தா சாபமான்னு எனக்கு இன்னும் தெரியல. வாழைத்தோப்புன்னா அது தோப்பா? ஒரே ஒரு வாழை. கன்று கன்றா நிக்கி, அவ்வளவுதான். ஒரு வீட்டைத் திறக்குத சாவி தெருவையே திறந்துரும்.”

அவள் எனக்குச் சொன்ன கணக்கு எளிமையானது. மகள்களை மட்டும் பெறுகிற தாய்க்குப் பிறக்கும் அத்தனை பேரும் அடுத்த தலைமுறையில் பெறுவார்கள். மகனும் மகளுமாகப் பெறுகிறவளுக்குப் பாதிப்பேர் பெறமாட்டார்கள். அப்படியென்றால் ஆணே இல்லாத வம்சம்தான் சீக்கிரம் பெருகி, மற்றதையெல்லாம் ஓரங்கட்டியிருக்க வேண்டும். உலகம் அப்படி ஆகவில்லை. மாம்பூவுக்கு மகரந்தம் வேண்டியிருக்கிறது. புறாவுக்குத் துணை வேண்டியிருக்கிறது. இவ்வளவு நஷ்டத்தைச் சுமந்துகொண்டு ஆண் ஏன் இன்னும் இருக்கிறான்? நோய்க்காகத்தான் என்பது ஒரு பதில். தாயும் தகப்பனும் கலந்து பிறக்கிற பிள்ளையின் பூட்டு ஒவ்வொன்றும் வேறு. பழைய சாவி திறக்காது.

அதைத்தான் அவள் சோதித்துக்கொண்டிருந்தாள். தெற்குத் தில்லியின் ஓரத்தில் ஒரு பழைய குளத்திலிருந்து ஒரே ஒரு நீர்த்தெள்ளைப் பிடித்துவந்து, அதன் நகலின் நகலாக ஐந்து வருஷம் ஒரு வம்சத்தை அறுபடாமல் காத்திருந்தாள். அதே தாயின் வழியில், சேணத்து முட்டையிலிருந்து பிறந்தவர்களையும் தனியே வளர்த்தாள். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே நோயைக் கொடுத்து, எது விழுகிறது, எது நிற்கிறது என்று பார்க்க வேண்டும். கடைசிச் சுற்று மட்டும் பாக்கி. அதற்கு ஆகஸ்ட் வரை நகல் வம்சம் உயிரோடு இருந்தாக வேண்டும். அது அறுந்தால் ஒப்பிட எதுவும் இல்லை. புதிதாகத் தொடங்கவும் முடியாது. அந்தக் குளத்தைத் தூர்த்து இப்போது கார் நிறுத்துகிறார்கள்.

வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய ஆய்வக அறை வேறொருவருக்குப் போயிற்று. ஆய்வேட்டைக் கொடுக்க ஆகஸ்ட் கடைசி, அதற்கு மேல் நீட்டிப்பு இல்லை என்று எழுத்தில் வந்தது. அப்படித்தான் பாட்டில்கள் ஆட்டோவில் ஏறி முனிர்காவுக்கு வந்தன.

ஜூன் மாதத்தில் மூன்றாவது மாடிக் கூரைக்குக் கீழே மனிதரே இருக்க முடியாது. குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசம் போகட்டும் என்று வாளிகளில் திறந்துவைப்பாள். பாட்டில்களைச் சுற்றி நனைத்த படுக்கைவிரிப்பு. மின்சாரம் போனால் தெருமுனை மிட்டாய்க் கடையில் ஐஸ் கட்டி வாங்கிவந்து பக்கெட்டில் போட்டு, பாட்டில்களை அதற்குள் இறக்குவாள். அவளுக்கு வேர்க்குரு கழுத்திலிருந்து முதுகு வரை வெடித்திருந்தது. தீனிக்காக மொட்டைமாடியில் வளர்த்த பச்சைப் பாசித் தண்ணீர் வெயிலில் வெந்து வெளுத்துப்போயிற்று.

ஒரு மத்தியானம் உருப்பெருக்கிக் கண்ணாடியில் குனிந்தவள் நிமிரவே இல்லை. நான் தண்ணீர் கொண்டுபோனேன்.

“வந்துட்டான்,” என்றாள்.

“யாரு?”

“அவன்தான்.”

பாதிக்கு மேற்பட்ட பாட்டில்களில் ஆண்கள் பிறந்திருந்தார்கள். அவற்றில் கறுப்புச் சேணங்களும் வரத் தொடங்கியிருந்தன. இனி அந்தப் பாட்டில்களில் யார் நகல், யார் கலந்தவள் என்று சொல்ல முடியாது. பெண்கள் மட்டுமே மிஞ்சியிருந்த பாட்டில்களைத் தனியே பிரித்தாள்.

“இதுக போதும். இதுகளைக் காப்பாத்திட்டா போதும். ஆன்ட்டிகிட்டக் கேளேன், கீழ மாடிப்படி வளைவுல வச்சுக்கிடவான்னு. அங்கன வெயிலே வராது.”

ஆன்ட்டி ஒத்துக்கொண்டார். தரைத்தளத்துப் படிவளைவு கிணற்றுக்குள் போல் குளிர்ச்சி. அன்று கவிப்ரியா வெகு நாளைக்குப் பிறகு சோறு வடித்துக் குழம்பு வைத்தாள். என்னையும் கூப்பிட்டாள்.

மூன்று நாள் கழித்து, நாங்கள் இருவரும் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்த நேரத்தில், வீடு வீடாகக் கொசு பார்க்கிறவர்கள் வந்தார்கள். கோடையில் அவர்கள் வருவது வழக்கம். கூலரையும் பூந்தொட்டித் தட்டையும் பார்த்து, புழு இருந்தால் அபராதச் சலான் எழுதிவிட்டுப் போவார்கள். படிவளைவில் வரிசையாகத் திறந்த பாட்டில்களும் அவற்றுக்குள் துள்ளுவதும் அவர்கள் கண்ணில் பட்டன.

சாயங்காலம் நாங்கள் வந்தபோது படியெல்லாம் கடுகெண்ணெய் வாசம். ஆன்ட்டி புன்னகையோடு எதிரே வந்தார். சலான் புத்தகத்தைத் திறந்துவிட்டார்களாம். பேர் என்ன என்று கேட்டார்களாம். எங்கள் வீட்டுப் பெண் பேரை எழுத விடுவேனா என்று, சமையலறைக்கு ஓடி, ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு கரண்டி கடுகெண்ணெய் ஊற்றிக் காட்டினாராம். அவர்களும் திருப்தியாகப் போய்விட்டார்களாம். “மைனே தோ பச்சா லியா துஜே,” என்றார். உன்னைக் காப்பாற்றிவிட்டேன் என்று.

கவிப்ரியாவுக்கு அந்த அளவு ஹிந்தி புரிந்தது. ஒரு பாட்டிலின் முன் உட்கார்ந்தாள். எண்ணெய்ப் படலத்தின் அடியில் அவை ஒட்டிக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து, கால்களை உதறிக்கொண்டிருந்தன.

“பரவாயில்லைன்னு சொல்லு,” என்றாள், என்னைப் பார்க்காமல்.

“கவி...”

“சொல்லுட்டி. அந்தம்மா பயந்துரப் போறா. பரவாயில்லைன்னு சொல்லு.”

சொன்னேன். ஆன்ட்டி நிம்மதியாக உள்ளே போனார்.

பிறகு மெல்லிய ரப்பர் குழாயை விட்டு, அடியிலிருந்த தண்ணீரை வாயால் உறிஞ்சி, புதுத் தண்ணீருக்கு மாற்றினாள். நான் பாட்டில்களைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்சம் பிழைத்தது போல் இருந்தது. காலையில் அவையும் அடியில் வெள்ளைத் தூசியாகக் கிடந்தன. அவள் அழவில்லை. தறிச் சத்தத்துக்கு மேல் பேசுகிற அந்தக் குரல் மட்டும் எங்கோ போய்விட்டது. சாப்பிட்டாயா என்றால் “ம்”. அம்மாவின் போன் அடித்து அடித்து ஓயும். ஒருநாள் எடுத்தாள்.

“எப்பம்மா வாறே?” என்று அம்மா வழக்கம்போல் கேட்டது என் காதிலும் விழுந்தது.

“வாறேம்மா,” என்றாள். மறுமுனையில் கொஞ்ச நேரம் தறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

புது வழிகாட்டி, இருப்பதை வைத்து எழுதிக் கொடு என்றார். கொடுத்தாள். கடைசிச் சுற்று இல்லாத முடிவை ஏற்க முடியாது என்று திரும்பி வந்தது. அதோடு அவள் பதிவு காலாவதியாயிற்று.

ஊருக்குக் கிளம்பும் முன், மேலே அறையில் மீந்திருந்த ஆண் பிறந்த பாட்டில்களை ஒவ்வொன்றாக, அப்பா நெய்த துண்டு ஒன்றில் வடிகட்டினாள். அடியில் கறுப்பாக, கசகசாவைப் போல் சேணங்கள் தங்கின. அவற்றை நிழலில் உலர்த்தி, ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டாள். கொஞ்ச நாள் குளிரில் கிடந்தால்தான் அவை முழிக்குமாம். அவளிடம் ஃப்ரிட்ஜ் கிடையாது. ஜனக்புரியில் என் பெற்றோர் வீட்டில் உண்டு.

“என்னடி இது, ஃப்ரிட்ஜ்ல மண்ணு?” என்றாள் அம்மா.

“கெட்டுப்போகாதும்மா.”

“மண்ணு எப்படிடி கெட்டுப்போகும்?”

தயிர்ச் சட்டிக்குப் பின்னால் டப்பா இருக்கிறது. பிப்ரவரியில், அவள் சொல்லியிருந்தபடி, பாதியை எடுத்து, குளோரின் போன தண்ணீரில் போட்டு, பால்கனி வெயிலில் வைத்தேன். தினம் போய்ப் பார்த்தேன். ஹோலி வந்து போனது. ஒன்றும் துள்ளவில்லை. அவளுக்கு எழுதினேன். “சரி” என்று மட்டும் பதில் வந்தது. சங்கரன்கோவிலில் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு மகரந்தச் சேர்க்கை நடத்துகிறாளாம். மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மீதிப் பாதியை வரும் குளிர்காலம் முடிந்ததும் போட வேண்டும். அதை நினைக்கும்போதெல்லாம் நிஜாமுதீன் ஸ்டேஷன்தான் கண்முன் வருகிறது. ரயில் பெட்டிக் கதவருகே நின்றுகொண்டு, டப்பாவை என் கையில் கொடுத்தும் விடாமல் பிடித்திருந்தாள்.

“இதால என் ஆய்வேடு பொழைக்காது, தெரியும்லா. அதே பொம்பளை திரும்பி வரமாட்டா. முழிச்சா வேற யாரோ ஒருத்தி வருவா.”

“தெரியும்.”

“வந்தா எண்ணாத. ஆணா பெண்ணான்னு பாக்காத, மொதல்ல முழிக்கிறது பொண்ணாத்தான் இருக்கும். ஒரு சிட்டிகை ஈஸ்ட் கரைச்சு ஊத்து.”

“சரி.”

“ஒண்ணுமே முழிக்கலைன்னாலும் அந்தத் தண்ணிய சிங்க்ல மட்டும் ஊத்திராத. இந்த ஊருல எங்கனயாவது ஒரு குளம் மிச்சம் இருக்கும். தேடிப் பாத்து அதுல கொண்டு ஊத்திரு.”