படம் தொடங்குமுன் எழுந்து போனவர்

சுப்பையா காலமான செய்தி காப்பி கிளப்பில்தான் எனக்குக் கிடைத்தது. சர்க்கரைக்கு ரேஷன் வந்ததிலிருந்து ஊற்றுகிற அந்த வெல்லக் காப்பியை என் முன் வைத்துவிட்டு, "ஒங்க கூட்டாளி போயிட்டாராம்ங்க" என்றார் பரிமாறுகிறவர். "எங்கே போனார்?" என்று கேட்டேன். ஓயாமல் எங்கேயாவது போய்க்கொண்டிருக்கும் மனிதரைப் பற்றி வேறெப்படிக் கேட்பது? "வெசக் காய்ச்சலாம்ங்க" என்றபோதுதான் புரிந்தது. காப்பியை அப்படியே விட்டு எழுந்தேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புதுக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதினார்; திருக்கோகர்ணத்தில் வீடு. இட்லி ஒரு கடையில் சாப்பிடுவார், காப்பிக்கு வேறு கடைக்கு என்னை இழுத்துக்கொண்டு ஓடுவார். "இங்கிட்டு சட்னி நல்லாருக்கு, அங்கிட்டு டிகாக்‌ஷன் நல்லாருக்கு. ஒரே எடத்துல ஒக்கார நான் என்ன பொண்ணு பாக்கவா வந்தேன்?" என்பார். வழியெல்லாம் பேப்பர் செய்தியை வைத்துக்கொண்டு ஹிட்லரை ஒரு பிடி பிடிப்பார். சினிமாக் கொட்டகையில் மட்டும்தான் அடங்கி உட்காருவார். கதாநாயகி அழுதால் இவரும் மூக்கைச் சிந்துவார். பக்கத்தில் இருக்க எனக்கு வெட்கமாக இருக்கும்.

ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டதும் எல்லாம் மாறிப்போயிற்று. அவருடைய அண்ணன் வெள்ளைச்சாமி அங்கே ஒரு வட்டிக்கடையில் வேலை பார்த்தவர். நாங்கள் பழகுவதற்கு முன்பே கப்பலேறியவராதலால் நான் அவரைக் கண்டதில்லை. காடு மலை கடந்து எத்தனையோ பேர் நடந்தே ஊர் வந்து சேர்ந்தார்கள். அவர் வரவில்லை, கடிதமும் இல்லை. அண்ணன் மனைவி செல்லம்மாள் கொழுந்தனார் வீட்டில் காத்திருந்தார்.

அதன்பிறகு சுப்பையாவுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. கொட்டகையில் முதலில் யுத்தச் செய்திப் படம் காட்டுவார்களே, அதைக் கண் கொட்டாமல் பார்ப்பார். கதைப் படம் ஆரம்பித்ததும் எழுந்து போய்விடுவார். எனக்கு ஆத்திரமாக வரும். "காசு என்ன மரத்திலா காய்க்கிறது?" என்று ஒருநாள் பின்னாலேயே போய்ச் சத்தம் போட்டேன். "செய்திப் படத்துல வர்ற கூட்டத்துல எங்கண்ணன் இருந்தாலும் இருப்பாருய்யா. கதையப் பாக்க எனக்கு இருப்புக் கொள்ளல" என்றார்.

ரங்கூனை வெள்ளைக்காரன் திரும்பப் பிடித்த சமயம், ஒரு சாயங்காலம் நிஜமாகவே கத்திவிட்டார். "அந்தா, எங்கண்ணன்!" திரையில் ரங்கூன் தெரு, சோறு வாங்க நிற்கும் வரிசையில் ஓர் ஆள் திரும்பினான், மறைந்தான். சுப்பையா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். காப்பி கிளப்பில் இருந்தவர்களுக்கெல்லாம் அல்வா வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்கு ஓடி மதினியிடம் சொன்னார். மறுபடி பார்க்கலாமென்றால் படத்தை மாற்றிவிட்டார்கள். அதே படம் திருச்சியில் ஓடுகிறதென்று கேள்விப்பட்டு ரயிலேறினார். திரும்பி வந்த முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அவரு இல்லய்யா. வேற யாரோ" என்றார். "மதினி பாயசம் வச்சுத் தெருவுக்கே குடுத்துட்டாக. இனி என்னான்னு சொல்லுவேன்?"

சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. அவருடைய பெரியப்பா அப்போதே நச்சரித்துக்கொண்டிருந்தார்: "போனவன் போயிட்டான். காரியத்தச் செஞ்சு, அந்தப் புள்ள தாலியக் கழட்டுங்கப்பா. எத்தன காலத்துக்கு ஊர ஏமாத்துறது?" ஆகவே படம் மாறும்போதெல்லாம் சுப்பையா போனார். வந்து மதினியிடம், "முதுகுப் பக்கமாப் பாத்தேன்", "கப்பலுக்கு நிக்கிற கூட்டத்துல இருந்தாரு" என்று சொன்னார். சண்டை முடிந்த பிறகும் நிறுத்தவில்லை. எனக்கு இது சரியாகவே படவில்லை. "ஒரு பெண்ணிடம் இப்படிப் புளுகலாமா ஓய்?" என்று திட்டியிருக்கிறேன். "தாலி அவுக கழுத்துல கெடக்குது. ஒமக்கு எங்கய்யா வலிக்குது?" என்று திருப்பிக் கேட்டார்.

நான் திருக்கோகர்ணம் போய்ச் சேர்ந்தபோது அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். கையும் காலும் அசையாமல் அவரை நான் பார்த்ததே கிடையாது. பார்க்கச் சகிக்கவில்லை, ஐயா. தூக்குவதற்கு முன்பே பெரியப்பா ஆரம்பித்துவிட்டார்: "ரெண்டு பேருக்கும் கருமாதிய ஒண்ணா முடிச்சிருவோம். இனி அவனப் பாத்தேன்னு சொல்ல ஆளில்ல."

பெண்கள் செல்லம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முந்தானையைக் கழுத்தோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எனக்கு என்ன வந்ததோ தெரியாது.

"நான் பார்த்தேன்" என்றேன். "போன வாரம் சுப்பையாவுடன் நானும் இருந்தேன். அவர் காட்டினார்."

"சத்தியமாவா?"

"சத்தியமாக."

பெரியப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். கருமாதிப் பேச்சு அத்தோடு நின்றது.

சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்து வாசலில் கால் கழுவினேன். செல்லம்மாள் தண்ணீர்ச் செம்போடு நின்றார். அக்கம்பக்கம் யாருமில்லை.

"தம்பி, அவுகளுக்கு மீசை இருந்துச்சா?"

என்ன கேள்வி இது! "இருந்தது. கொஞ்சம் பெரிய மீசைதான்" என்றேன்.

"அவுக மீசையே வச்சதில்ல தம்பி."

தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கோபப்படவில்லை. இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார்.

"கொழுந்தனாரு திருச்சிக்குப் போயிட்டு வந்த அன்னைக்கே அது அவுக இல்லன்னு எனக்குத் தெரியும். அவரு மனசு கஷ்டப்படுமேன்னு நானும் சொல்றதக் கேட்டுக்கிட்டே இருந்தேன். நீங்க தப்பாச் சொல்லிறாதீங்க. பெரியவுக கேட்டா மீசை இல்லன்னு சொல்லுங்க. செவத்த ஆளு. எடது காதுல ஒரு மச்சம்."

சுப்பையா, வெள்ளிக்கிழமை படம் மாற்றுகிறார்கள். நான் போகிறேன். நீர் நல்லபடியாகப் போய்ச் சேரும்.