மெடிக்கலில் தேறிய பின் மணிவண்ணன் சொன்னது

காலை ஷிப்டுக்காக ஓசூர் பஸ் நிலையத்தில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். மணிவண்ணனின் தங்கை கலைச்செல்வி போன் செய்தாள். "ணா, அண்ணன் போயிட்டாருணா. குளிக்கப் போன எடத்துல வலிப்பு வந்து விழுந்துட்டாரு." பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை. முப்பது வயதுகூட நிறையாதவன். அவனோடு அந்த பஸ்ஸில் போய்வந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவனுக்குக் குந்தாரப்பள்ளிக்குப் பக்கத்துக் கிராமம். எங்கள் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே ராணுவ அதிகாரித் தேர்வு எழுதினான். பெங்களூரில் நேர்முகத் தேர்வு, மெடிக்கல் எல்லாவற்றிலும் தேறினான். சென்னைக்குப் பயிற்சிக்குப் போக வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் ஊரார் நெடுஞ்சாலை ஓரம் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார்கள். எவனோ ஓர் அதிகாரியின் உடம்பில் இவன் தலையை ஒட்டி, நெஞ்சு நிறையப் பதக்கமும் கொடுத்திருந்தார் ஃப்ளெக்ஸ் கடைக்காரர். "தலை மட்டுந்தாணா என்னுது. அந்த ஒடம்புக்கு யாரு மெடிக்கல் பாத்தாங்களோ" என்று சிரித்தான். அந்த ஃப்ளெக்ஸைப் பார்த்துத்தான் ஊத்தங்கரையிலிருந்து கலைச்செல்வியைப் பெண் கேட்டு வந்தார்கள். பூ வைத்து உறுதியும் செய்தார்கள்.

கிளம்பச் சில வாரங்களே இருந்தபோது, கேண்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டோடு சரிந்தான். கை கால் இழுத்தது. இரும்பைக் கொடுங்கள் என்று யாரோ கத்த, ஆளாளுக்கு ஸ்பேனர், சுத்தியல், சாவிக்கொத்து என்று கொண்டுவந்து அவன் கையில் திணித்தோம். இரும்புக்கா அங்கே பஞ்சம்? கண் விழித்தவன் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தான், எங்கள் முகங்களைப் பார்த்தான். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், வலிப்பு நோய்தான், மாத்திரையை நிறுத்தவே கூடாது என்றார்.

மெடிக்கலுக்குப் பிறகு புதிதாக நோய் ஏதும் வந்தால், பயிற்சிக்கு வருமுன் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அவன் அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "ஒருக்கா பாஸாயிட்ட. மறுக்கா யாரு கேக்கப் போறாங்க? மாத்திரையப் போட்டுக்கினு கம்முனு போ." கலைச்செல்வி, "சொல்லாதன்னும் சொல்ல மாட்டன், சொல்லுன்னும் என்னால சொல்ல முடியலணா" என்று அவனிடம் அழுதாள். ஓசூரில் அவன் தங்கியிருந்த அறையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து அவன் என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "சொன்னா வூட்ல நான் செத்தவன். சொல்லலைன்னா, என்னை நம்பிப் பின்னால வர்ற நாலு பேரையும் சேத்து சாவடிக்கணும். எந்தப் பக்கம் போறதுணா?" மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அவனுக்கு மூச்சுவிடக்கூட இடம் இல்லை.

ராணுவத்துக்குச் சொல்லிவிட்டான். மறுபடி பரிசோதித்து, வேண்டாமென்று அனுப்பிவிட்டார்கள். வலிப்பு இருக்கிற குடும்பம் என்று சொல்லி மாப்பிள்ளை வீட்டார் ஒதுங்கிக்கொண்டார்கள். அப்பா அவனோடு பேசுவதை நிறுத்தினார். தொழிற்சாலையில் மெஷின் பக்கமே விடாமல் ஸ்டோரில் உட்காரவைத்தார்கள். பைக்கை விற்றான். ஊருக்குப் போனாலோ சாலையில் அந்த ஃப்ளெக்ஸ். எடுத்தால் அபசகுனம் என்று யாரும் அதைத் தொடவில்லை. "நானே உள்ள போயி நானே தாப்பா போட்டுக்கின மாதிரி இருக்குணா" என்றான் ஒருமுறை. சொன்னதற்காக வருத்தப்படுகிறாயா என்று கேட்டேன். "தெனமும்" என்றான். அவனைத் தயவுசெய்து தியாகி ஆக்கிவிடாதீர்கள்.

சாவு வீட்டில் அவன் பெரியப்பா, "அன்னைக்கு வாய மூடிக்கினு இருந்திருந்தா, இன்னைக்குக் கொடி போத்தி, துப்பாக்கி வெடிச்சு மரியாதையா எடுத்திருப்பாங்க" என்றார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அதற்குள் கலைச்செல்வி எழுந்துவிட்டாள். அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. "கல்யாணம் நின்னது எனக்கு. நானே ஒண்ணும் சொல்லல. நீங்க கெளம்புங்க பெரியப்பா" என்றாள்.

அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது நிம்மதியான பொருள் அல்ல. நான் கிரேன் ஓட்டுகிறவன். கொஞ்ச காலமாகச் சர்க்கரையால் கண் மங்குகிறது. கிரேனை விட்டால் எனக்கு வேறு வேலை தெரியாது. வீட்டில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். அடக்கம் முடிந்த மறுநாள் ஷிப்டுக்குப் போய் கிரேன் ஏணியில் கை வைத்தேன். கீழே ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஏற முடியவில்லை. நேராக சூப்பர்வைசரிடம் போய்க் கண் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். மணி, உன்னைத் திட்டிக்கொண்டேதான் சொன்னேன்.