துண்டு கேட்ட கங்காணிகள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், இலங்கை மலைநாட்டில், லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சராக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே அறையில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசமும் சொல்லிக்கொடுத்தேன். அந்த வருடங்களில் ஒரே கனவு எனக்குத் திரும்பத் திரும்ப வந்தது. மலைப்பாதையில் ஏறிப் போவேன். வழியில் ஒரு கேட். முகமே இல்லாத கங்காணி ஒருவர் அங்கே நின்று, "துண்டு எங்க?" என்பார். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகிறவர்கள் கையில் இருக்க வேண்டிய சீட்டு அது. என் பெற்றோர் காலத்தோடு ஒழிந்துபோன முறை. என் கனவில் மட்டும் ஒழியவில்லை. என்னிடம் துண்டு இருக்காது. திரும்பி ஓடுவேன், அந்த ஓட்டத்திலேயே விழித்துக்கொள்வேன். வெளியே பெரட்டுக்கு, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, ஆள் கூப்பிடும் தப்பு மேளச் சத்தம் கேட்கும்.

மாதம் ஒருமுறை பூசை வைக்க வரும் கத்தோலிக்கச் சாமியார் வெள்ளைக்காரர். பாடம் நடத்த உதவும் என்று பழைய திருச்சபைச் சரித்திரம் ஒன்றைக் கொடுத்திருந்தார். அதில் ஆதிகாலத்து ஞானவாதிகள் என்ற பிரிவினரைக் கண்டிக்கும் அதிகாரம் ஒன்று இருந்தது. மனிதனுக்குள் மேலுலக ஒளியின் பொறி சிறைப்பட்டிருக்கிறது. அது வீடு திரும்பும்போது வானத்தின் ஒவ்வொரு வாசலிலும் காவலர்கள் மறிப்பார்கள். தான் யாரென்று அறிந்த ஆத்துமாதான் அவர்களைக் கடக்கும் என்று அந்த ஞானவாதிகள் போதித்தார்களாம். என் கனவில் வரும் கேட்டே அது. கண்டன வரிகளை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, கண்டிக்கப்பட்டதை மட்டும் பலமுறை படித்தேன்.

லயத்தில் என் அறைக்குப் பக்கத்துக் காம்பராவில் கொழுந்தெடுக்கும் பெண் ஒருத்தி இருந்தாள், என் வயதுக்காரி. அவளிடம் மட்டும் கனவைச் சொல்லியிருந்தேன்.

"துண்டு இல்லேன்னா இல்லேன்னு சொல்லுங்க டீச்சர். எதுக்கு ஓடியாறீங்க?" என்றாள்.

இனி ஓடுவதில்லை என்று முடிவு செய்தேன். விழித்ததும் முகம்கூடக் கழுவாமல் கனவை ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் வரைந்து வைத்தேன். சில வாரங்கள் கழித்து ஒரு விடியற்காலையில், கனவுக்குள்ளேயே என் குரல் கேட்டது. "துண்டு இல்ல. நான் எங்கேருந்து வந்தேன்னு எனக்குத் தெரியும். வழிய விடுங்க."

கங்காணி விலகினார். அவருக்குப் பின்னால் இன்னொரு கேட் தெரிந்தது. நான் சோர்ந்துபோகவில்லை. கடக்கலாம் என்பது தெரிந்துவிட்டதே.

நான்கு கேட்டுகளைக் கடக்க எட்டு மாதம் ஆனது. ஐந்தாவதில் நின்ற ஆளுக்கு முகம் இருந்தது. என் முகம். வெள்ளைச் சேலை, கக்கத்தில் பிள்ளைகளின் வரவு குறிக்கும் பள்ளிக்கூடத்து இடாப்பு. வழக்கமான பதிலைச் சொன்னேன், அவள் விலகவில்லை. அன்று காலை மணியடித்ததும் வழக்கம்போல் கதவைச் சாத்தப் போனபோதுதான் உறைத்தது. தம்பியை, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுத் தாமதமாக வருகிற சிறுமி ஒருத்தி தினமும் அந்தக் கதவுக்கு வெளியே தூறலில் நிற்பாள். நான்தான் நிற்க வைத்தேன். அன்றிலிருந்து கதவைச் சாத்தவில்லை.

அடுத்த பூசை முடிந்ததும் கொப்பியைச் சாமியாரிடம் நானே காட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கோபப்படவில்லை. எரித்துவிடச் சொன்னார்.

"எரிக்க மாட்டேன் சாமி. இது அந்தப் புஸ்தகத்துலேருந்து எடுத்தது இல்ல. எனக்குள்ளேருந்து வந்தது."

"அதனால்தான் அஞ்சுகிறேன், மகளே" என்றார், தமது ஏட்டுத் தமிழில்.

ஞானோபதேச வகுப்பை என்னிடமிருந்து எடுத்துக் கோயில் உபதேசியாரிடம் கொடுத்தார். முதல் ஞாயிறு, பிள்ளைகள் செபம் சொல்லும் சத்தத்தை வெளியே நின்று கேட்டு அழுதேன். ஆனாலும் பூசைக்குப் போவதை நிறுத்தவில்லை, வரைவதையும் நிறுத்தவில்லை. நற்கருணை தர சாமியாரும் மறுக்கவில்லை.

ஐந்தாவது கேட்டில் நின்றவளைத் தாண்ட எனக்கு மூன்று வருடம் பிடித்தது. எந்தப் பதிலும் அவளிடம் எடுபடவில்லை. கடைசியில் கிட்டப் போய், அவள் கக்கத்திலிருந்த இடாப்பை வாங்கிக்கொண்டேன். அவளுக்கும் கை கனத்துப் போயிருக்க வேண்டும், மறுக்காமல் கொடுத்துவிட்டு வழியை விட்டாள்.