வாசலில் நான் கட்டிய வேப்பந்தழை

தீர்ப்பு வாசித்த அன்று நான் கோர்ட்டு வராந்தாவில் நின்றிருந்தேன். உள்ளே இங்கிலீஷில் படித்தார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வக்கீல் வெளியே வந்து அண்ணனை விட்டுவிட்டார்கள் என்று சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

சாமியை இழிவாகப் பேசினான் என்று அண்ணன் மேல் கேசு. துடியலூருக்கு வடக்கே எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் இல்லை. அண்ணன் கோயமுத்தூரில் மில்லுக்குப் போய் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான். அந்த வருஷம், அம்மை வராமலிருக்கக் கையில் கீறி மருந்து வைக்கிற அம்மை குத்துகிறவர் ஊருக்குள் வந்தபோது எல்லாரும் பிள்ளைகளைச் சோளக்காட்டுக்குள் ஒளித்துவைத்தார்கள். நானும் போய் ஒளிந்துகொண்டேன். அது தெரிந்து அண்ணன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சந்தையில் ஒரு வண்டிமேல் ஏறி நின்றான். சட்டைக் கையைச் சுருட்டி, சின்ன வயதில் குத்திய தழும்பைக் காட்டினான்.

"அம்மை ஒரு நோவுங்க, ஆத்தா இல்லீங்க. பெத்த பிள்ளை மூஞ்சிய எந்த ஆத்தாளாச்சும் இப்படிக் கொதறிப்போடுவாளுங்களா?"

ஆத்தா வந்தால் அந்தத் தழும்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவாளா என்று கூட்டத்தில் ஒருத்தர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், அண்ணனும் சிரித்தான். மாரியம்மன் கோயில் பூசாரி மட்டும் சிரிக்கவில்லை. அவர்தான் கேசு போட்டார்.

கும்பிடுகிறவர்களுக்குக் கும்பிட உரிமை உண்டு, நினைத்ததைச் சொல்ல இவனுக்கும் உரிமை உண்டு, யார் மனசையும் புண்படுத்துவதற்காக இவன் பேசவில்லை என்று தீர்ப்பில் எழுதியிருந்ததாம். வக்கீல் சொல்லச் சொல்லப் பூசாரியும் பக்கத்தில் நின்று கேட்டார். பிறகு துண்டைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு அண்ணனிடம் வந்தார்.

"கோர்ட்டு உங்களை உட்டுருச்சுங்க தம்பி, சந்தோசமுங்க. நாங்க இதுக்கு மேல எந்தக் கோர்ட்டுக்கும் போகலீங்க. ஆத்தாகிட்டச் சொல்லிப்போட்டு உக்காந்துக்கறோம்."

ஊரில் யாரும் எங்களை ஒதுக்கவில்லை. ஒதுக்கியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. கிணற்றடியில், கடையில், வண்டித்தடத்தில், பார்த்தவர்கள் எல்லாம் ஒன்றையே கேட்டார்கள். அண்ணனுக்கு உடம்பு சௌக்கியமா? நேற்றுக் கேட்டவரே இன்றும் கேட்பார். சௌக்கியம் என்றால் தலையை ஆட்டிவிட்டுப் போவார். அண்ணனிடம் சொன்னேன். நம்ம மேல் எத்தனை பாசம் பார் என்று சிரித்தான்.

பங்குனியில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் முகத்தில் முத்துப் போட்டது. பழைய தழும்பு பத்தாது, இன்னொரு முறை குத்திக்கொள் என்று அம்மை குத்துகிறவர் முன்பே சொல்லியிருந்தாராம். அதை யாராவது ஒரு குழந்தைக்குக் குத்துங்கள் என்று அண்ணன் சொல்லிவிட்டானாம். இதையெல்லாம் காய்ச்சலில்தான் என்னிடம் சொன்னான். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மணி, வாசல்ல தழை கட்டிப்போடாதே. நான் செயிச்சதை நீ தோக்கடிச்சுப்போடாதே கண்ணு."

கட்டமாட்டேன் என்று சொன்னேன்.

ஏழாம் நாள் அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. டவுன் டாக்டர் வந்து பார்த்து, இதற்குக் கொடுக்க மருந்தில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று உச்சி வெயிலில் நான் வேம்பை ஒடித்து வாசலில் கட்டினேன். கட்டச் சொல்லி யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. எனக்கு அவன் பிழைக்க வேண்டும், அவ்வளவுதான்.

கட்டி முடிப்பதற்குள் ஊர் வந்துவிட்டது. மஞ்சத்தண்ணியும் இளநீருமாகப் பெண்கள் வந்தார்கள். நிஜமாகவே அழுதார்கள். பூசாரி வாசலில் கண்ணை மூடி நின்றார். யாரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. அவன் பாயைச் சுற்றித் தழையைப் பரப்பினார்கள். சாயங்காலம் அண்ணனுக்குக் கொஞ்சம் நினைவு வந்தது. தலைமாட்டில் கிடந்த தழையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். விடியும்போது அவன் இல்லை.

ஆத்தா தண்டித்தாள் என்று யாரும் சொல்லவில்லை. கூட்டிக்கொண்டாள் என்றார்கள். நான் தழை கட்டியதால் என்னை மட்டும் விட்டுவைத்தாள் என்றார்கள்.

போன மாதம் அம்மை குத்துகிறவர் மறுபடியும் வந்தார். ஒரு கதவும் திறக்கவில்லை. எதிர்வீட்டுக்காரி மட்டும் இடுப்புக் குழந்தையோடு வெளியே வந்து, என் வாசலில் காய்ந்து தொங்கிய தழையை அவருக்குக் காட்டினாள்.

"தங்கச்சியே கட்டுனாளுங்க. இனி நாங்க யாரை நம்பறதுங்க?"

நான் வெளியே போய்த் தழையை இழுத்தேன். கையில் பொடிந்து விழுந்தது. அவர் முன்னால் தெருவிலேயே உட்கார்ந்து கையை நீட்டினேன். அவள் குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் கிணற்றடிக்குப் போனேன். எதிர்வீட்டுக்காரி குடத்தை நகர்த்தி எனக்கு இடம் விட்டாள். குத்திய இடத்தைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏனுங்க அம்மணி, ஒடம்பு சௌக்கியமுங்களா?"