ஐந்தாவது வீடு

நாங்கள் ஐந்து பேர். மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு, யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருந்த பாய், தாலுகா ஆபீசில் ஓய்வு பெற்ற குமாஸ்தா, கரியாலூர் மலைப்பள்ளியில் வேலை பார்த்துவிட்டு வாரக்கடைசியில் தாயார் வீட்டுக்கு இறங்கி வருகிற டீச்சர், மின்சார வாரியத்து லைன்மேன், அப்புறம் நான். எனக்கு விவசாயம். சங்கராபுரம் சாலையில் எங்கள் ஊர். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு போடுகிற குடும்பம்.

ஆரம்பத்தில் அவரவர் தமக்குப் பிடித்த புத்தகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. குமாஸ்தா பேச ஆரம்பித்தால் சாயந்திரம் ஆகிவிடும். நாலு மாதம் பொறுத்த டீச்சர் ஒரு விதி போட்டார். இனிமேல் யாரும் தன் புத்தகத்தைப் பற்றிப் பேசக் கூடாது. சீட்டுக் குலுக்கிப் போட்டு, அவரவர் புத்தகத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிட வேண்டும். வாங்கியவர் அதைப் படித்துவிட்டு, கொடுத்தவருக்கு அது ஏன் பிடிக்கிறது என்று கூட்டத்தில் சொல்ல வேண்டும். கொடுத்தவர் ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று மட்டும் சொல்லலாம். இல்லை என்றால் புத்தகம் இன்னொரு மாதம் படித்தவரிடமே இருக்கும்.

விளையாட்டாகத்தான் தொடங்கியது. ஆனால் அதில் ஆளையே எடை போடலாம் என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. பாயுடையது அட்டை போன ஒரு துப்பறியும் மாத நாவல். குமாஸ்தா அதைப் பார்த்ததும் மூக்கைச் சுளித்தார். டீச்சருக்குத்தான் அது சீட்டில் வந்தது. ஆணி கேட்டு ஆள் வந்தால் எழுந்து போய் எடுத்துக் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து படிக்கலாம், அதனால் பிடிக்கிறது என்றார் டீச்சர். பாய் இல்லை என்றார். அடுத்த மாதம் டீச்சர் வேறு மாதிரி சொன்னார்.

"இதுல கடைசிப் பக்கம் கிழிஞ்சி போயிருக்கு. கொலை பண்ணது யாருன்னே தெரியல. ஒவ்வொரு தடவையும் பாய் தானே ஒரு ஆளைப் புடிச்சி உள்ள போடறாரு. அதுக்காகத்தான் படிக்கிறாரு."

பாய் வெட்கப்பட்டுச் சிரித்தார். "ஆமாம். போன தடவை சமையல்காரன்" என்று விதியை மீறி ஒரு வார்த்தை சேர்த்தும் சொன்னார்.

டீச்சருடைய புத்தகம் எனக்கு வந்தது. ஒரு பெண் தனியாக ரயிலேறி ஊர் ஊராகப் போய் வந்த பயணக் கதை. முந்நூறு பக்கத்தில் ஒரு ஆள்கூட அவளிடம் உன் புருஷன் எங்கே என்று கேட்கவில்லை, டீச்சருக்கு அதுதான் பிடிக்கிறது என்றேன். டீச்சர் ஆமாம் என்றார். முதல் தடவையிலேயே ஆமாம் வாங்கியவன் நான் ஒருத்தன்தான். அதில் எனக்குத் தலை கொஞ்சம் கனத்துப் போனது உண்மை.

அந்தத் தலைக்கனத்தோடுதான் லைன்மேன் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனேன். நிலமில்லாத குடும்பத்தில் பிறந்து, அடுத்தவர் மாட்டை மேய்த்து வளர்ந்த ஒரு பையனின் கதை. பக்கத்துக்குப் பக்கம் பசி. லைன்மேன் காலனியில் இருப்பவர். எனக்கு யோசிக்கவே வேலையில்லை என்று நினைத்தேன். கூட்டத்தில் அரை மணி நேரம் பேசினேன். உழைக்கிற சனங்களின் வலி, தலைமுறை தலைமுறையாக வந்த வேதனை என்று குரல் தழுதழுக்கப் பேசினேன். குமாஸ்தா தலையாட்டினார். லைன்மேன் பொறுமையாகக் கேட்டுவிட்டு இல்லை என்றார்.

அடுத்த மாதம், அந்தப் புத்தகத்தில் இருக்கும் கோபத்துக்காகப் பிடிக்கிறது என்றேன். அதற்கும் இல்லை. எனக்கே கோபம் வந்துவிட்டது. "பின்ன இன்னாதான்?" என்று கேட்டேவிட்டேன். அதைச் சொல்ல விதியில் இடமில்லை என்று அவர் சிரித்தார்.

அதற்குள் அந்த வாரம் வந்துவிட்டது. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் சனம் சாலையை மறித்த வாரம். உளுந்தூர்பேட்டைப் பக்கம் லாரிகள் மைல் கணக்கில் நின்றன. எங்கள் சாலையில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளினார்கள். என் தம்பியும் கோடாலி எடுத்துக்கொண்டு போனான். பட்டம் வாங்கி நாலு வருஷமாக வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தவன். நானும் ஒரு நாள் முழுக்க ரோட்டில் உட்கார்ந்தேன். கேட்டது நியாயம். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்த வாரத்தில் நியாயத்தோடு அநியாயமும் சேர்ந்து நடந்தது. லைன்மேன் தெருவில் ஒரு குடிசையும் இரண்டு வைக்கோல் போரும் எரிந்தன. யார் வைத்தது என்று எங்கள் பக்கத்தில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

விழுந்த மரங்கள் மின்கம்பிகளையும் இழுத்துக்கொண்டு விழுந்திருந்தன. சாலை திறந்த மறுநாள் லைன்மேன் எங்கள் ஊருக்குக் கம்பி இழுக்க வந்தார், கூட இரண்டு போலீஸ்காரர்கள். என் தம்பி வெட்டிய மரம் அறுத்த கம்பியை அவர் கம்பத்தில் ஏறி முடிந்துகொண்டிருந்தார். நான் கீழே போய் நின்று, மோர் குடிக்கிறீங்களா என்று கேட்டேன்.

"வேலை கெடக்குதுங்க" என்றார். அவ்வளவுதான். இறங்கி அடுத்த கம்பத்துக்குப் போய்விட்டார். என் பக்கம் திரும்பவே இல்லை. எங்கள் மோட்டார் அன்று சாயந்திரம் ஓடியது. எனக்கு அந்தத் தண்ணீரைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

அந்த மாதம் கூட்டம் நடக்கவில்லை. அடுத்த மாதம் நடந்தது, லைன்மேன் வரவில்லை. காலம் சரியில்லை, அவராக வந்தால் வரட்டும் என்றார் குமாஸ்தா. ஆறப்போட்டால் சரியாகிவிடும் என்றார் பாய். டீச்சர் மட்டும் என்னைப் பார்த்து, "புஸ்தகம் உங்ககிட்டதானே இருக்குது?" என்றார்.

ஆமாம், என்னிடம்தான் இருந்தது. அந்த ஆளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வராமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி, சரியான பதிலோடு போய் நிற்பது. மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தேன். மூன்றாவது முறை படிக்கும்போதுதான் அந்த அத்தை கண்ணில் பட்டாள். பையனின் அத்தை. வீட்டில் உலை வைக்காத நாளில், தெருவில் நின்று கையை முகர்ந்து பார்த்து, எத்தனை தேய்த்தாலும் கறிக்குழம்பு வாசம் போகமாட்டேன் என்கிறதே என்று சலித்துக்கொள்வாள். அப்படிப் புத்தகம் முழுக்கப் புளுகிக்கொண்டே வருகிறாள். முன்பு அந்தப் பக்கங்களையெல்லாம் தள்ளிவிட்டுப் போயிருக்கிறேன். நான் வலியைத் தேடிக்கொண்டிருந்தேன், எனக்கு எதற்குச் சிரிப்பு?

லைன்மேனும் பெரிய புளுகர்தான். பெரிய டவரில் ஏறினால் பாண்டிச்சேரி கடல் தெரிகிறது, கப்பல்காரன் தனக்குக் கை காட்டினான் என்று எங்களிடமே சொல்லியிருக்கிறார். எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் தெருவுக்குப் போனேன். எரிந்த குடிசை இருந்த இடத்தில் புதுக் கழிகள் நட்டிருந்தார்கள். தெருவில் பேச்சு நின்றது. லைன்மேன் வெளியே வந்து ஒரு மர நாற்காலியைப் போட்டார். நான் உட்காராமலே சொன்னேன். "அந்த அத்தை வுடற புளுகு. அதுக்காகத்தான் உங்களுக்குப் புடிக்குது."

"ஆமாங்க" என்றார். புத்தகத்தை வாங்கிக்கொண்டார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை.

"அப்ப ஞாயித்துக்கிழமை வர்றீங்கதானே?"

"எங்கங்க?"

"டீச்சர் வூட்ல."

அவர் புத்தகத்தின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார். "ரெண்டு வருசமா கூட்டம் சுத்திக்கினு வருது. பாய் வூடு, குமாஸ்தா வூடு, டீச்சர் வூடு, உங்க வூடு. அஞ்சாவது வூடு எதுங்க?"

அவர் முறை வந்த ஒவ்வொரு தடவையும், உங்களுக்கு எதுக்குச் சிரமம், எங்க வூட்லயே வெச்சிக்கலாம் என்று சொன்னவன் நான்தான். வீட்டில் வடை சுடச் சொல்லி ஜாஸ்தியாகவே உபசாரம் செய்திருக்கிறேன். அதைப் பெரிய நல்ல குணம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

"இந்த ஞாயிறு இங்கதான்" என்றேன்.

"யாரையும் கேக்காம சொல்றீங்களே."

"கேட்டா நடக்காது."

"அப்ப உங்க புஸ்தகத்தக் குடுங்க. சீட்டெல்லாம் வேணாம், நானே படிக்கிறேன்" என்றார். அன்று சாயந்திரமே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு பெரிய பண்ணைக்காரர் தன் சொத்தையெல்லாம் விற்று ஊருக்கு ஏரி வெட்டிக் கொடுக்கிற நாவல். கல்யாணமான வருஷத்திலிருந்து நான் பத்திரமாக வைத்திருந்தது, சீட்டுக் குலுக்கலுக்கும் அதுவரை கொடுக்காதது.

குமாஸ்தா வர மறுத்தார். உடம்பு சரியில்லை என்றார், பிறகு ஊர் சரியில்லை என்றார். பாய் கொஞ்சம் யோசித்துவிட்டு, கடையை மூடிட்டு வர்றேன் தம்பி என்றார். டீச்சரிடம் நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டில்தான் சண்டை. நம்ம ஆளுங்க இன்னா சொல்வாங்க என்று தம்பி எகிறினான்.

"சொல்லட்டும். நீ வேலை கேட்டு ரோட்ல உக்காந்த, நானும் உன் கூட வந்து உக்காந்தேன். அவரு கேக்கறது ஒரு நாள் கூட்டம். அதுக்கும் போய் உக்காரத்தான் போறேன்."

"அதுவும் இதுவும் ஒண்ணா?"

"எனக்கு ஒண்ணுதான்."

அவன் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. நானும் கெஞ்சவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேர் போனோம். லைன்மேன் வீட்டுக் கூடத்தில் கோரைப்பாய் விரித்திருந்தார்கள். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அந்தத் தெருவில் நான் தண்ணீர் குடித்தது அதுதான் முதல் தடவை, முப்பத்தாறு வயதில். அவர் மகள் வாசற்படியில் உட்கார்ந்து எங்களைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

லைன்மேன் என் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பேசினார். நல்ல நடை என்றார். ஏரி நிரம்புகிற இடத்தைப் படிக்கும்போது தனக்கும் மயிர் சிலிர்த்தது என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"இது இவருக்கு ஏன் புடிக்குதுன்னா" என்றார், "இதுல வர்ற பெரியவரு ஊருக்கே நல்லது பண்றாரு. எல்லாரும் அவரைக் கும்புடறாங்க. ஆனா முழுப் புஸ்தகத்துலயும் ஒரு ஆளுகிட்டகூட, உனக்கு இன்னா வேணும்னு அவரு கேக்கவே இல்ல. கேக்காமலே குடுக்கிறாரு பாருங்க, அந்த சொகம் இவருக்குப் புடிக்குது."

குரலில் குத்தல் இல்லை. நான் டீச்சர் புத்தகத்தைப் பற்றிச் சொன்னேனே, அந்த மாதிரிதான் சொன்னார். பாய் ஜன்னல் பக்கம் பார்த்தார். டீச்சர் என்னைப் பார்த்தார். இல்லை என்று சொல்ல நாக்கு துடித்தது. அந்தப் பெரியவருக்காக வாதாடப் பத்து நியாயம் என் வாய்க்குள்ளேயே இருந்தது. சொல்ல அனுமதி ஒரே வார்த்தைக்குத்தான்.

"ஆமாம்" என்றேன்.