கிணற்றடியில் சினை பிடித்த பன்னம்

அம்மா ஆசுபத்திரியிலிருந்து வந்த அன்று வீட்டில் அப்பா இருந்தார், தங்கச்சி இருந்தாள், நானும் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தேன். கிணற்றடியில் அம்மாவின் பன்னங்கள் மட்டும் இல்லை.

மண்டூரில் எங்கள் வளவு வாவிக் காற்றுக்கு நேரே கிடக்கிறது. மெல்லிய இலை எதுவும் அதில் நிலைக்காது. கிணற்றுக்கும் மாமரத்துக்கும் இடையிலுள்ள ஈர நிழல்தான் தப்பிய இடம். உன்னிச்சையில் மாமா வீட்டு வாய்க்கால் கரையில் பிடுங்கிய ஒரு பிடிப் பன்னத்தை அம்மா அங்கே நட்டு, தும்பும் சருகும் போட்டு, வெயில் ஏறுமுன் தண்ணீர் தெளித்து, பாத்தி நிறைய ஆக்கியிருந்தார்.

இலையின் பின்பக்கம் வரிசையாகப் பழுப்புப் பொட்டுகள் வரும். அதற்குள் இருப்பது வித்தி, பூவும் காயும் இல்லாத பன்னத்துக்கு அதுதான் விதை, அதிலிருந்துதான் புதுப் பன்னம் உண்டாகும் என்று ஒருநாள் அம்மாவுக்குச் சொன்னேன். எங்கள் வீட்டில் அவ்வளவு தூரம் படித்தவன் நான்தான். கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப மீனுக்குச் சினை மாதிரி எண்டு சொல்லன்," என்றார். அன்றிலிருந்து எங்களுக்கு அது சினைதான். அந்தப் பேச்சில் அப்பா இல்லை. வயலுக்குப் போயிருந்தார்.

ஆசுபத்திரியிலிருந்து அம்மா போனில் முதலில் கேட்பது, "என்ட பிள்ளைகள் எப்பிடி?"

"நாங்க நல்லா இருக்கம்," என்பாள் தங்கச்சி.

"உங்கள ஆருகா கேட்ட? கிணத்தடிப் பிள்ளைகளக் கேக்கிறன்."

இதைக் கேட்டுக் கேட்டு அப்பாவே தண்ணீர் ஊற்றத் தொடங்கினார். ஒரு காலையில் இலையைப் புரட்டினார். பழுப்புப் பொட்டு. அறக்கொட்டிப் பூச்சிக்கு ஒரு போக வேளாண்மையையே பறிகொடுத்தவர் அவர். நெல்லுக்கு அடிக்கும் மருந்தைக் கலந்து இலை நனைய அடித்தார். இலைகள் கருகின. பூச்சி முற்றிவிட்டதென்று நினைத்து, கருகியதைக் கிழங்கோடு பிடுங்கி எரித்தார். மிச்சமும் கருகியது. அதையும் எரித்தார்.

இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லித்தான் அம்மாவை அனுப்பியிருந்தார்கள். தங்கச்சியின் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் நேரே கிணற்றடிக்குப் போனார்.

"பூச்சி புடிச்சிட்டு," என்றார் அப்பா. "இலைக்குப் பின்னால முழுக்க. மருந்தடிச்சும் பாத்தன்."

"அது பூச்சி இல்ல. சினை."

அப்பா என்னைப் பார்த்தார். "ஓம்பா," என்றேன்.

"வேளாண்மைக்கு மருந்தடிக்கச் சொன்னா நாளைக்கு எண்டுவீங்க," அம்மா சிரிக்கப் பார்த்தார். "என்ட பன்னத்துக்கு மட்டும் என்ன அவசரம்?"

"நீ வந்து பாக்கக்குள்ள நல்லா நிக்கோணும் எண்டுதான்..."



மறுநாள் ஓட்டோ பிடித்து டவுனுக்குப் போய், ஒரு தொட்டிப் பன்னம் வாங்கி வந்து அம்மாவின் கட்டிலருகே வைத்தார். அம்மா படுத்தபடியே இலையைப் புரட்டினார்.

"சினை இல்ல. இது இன்னும் குமர்."

"வரும்," என்றார் அப்பா.

"வரும்தான்."

வந்தது. அம்மாவின் முப்பத்தோராம் நாள் சடங்குக்குத் தண்ணீர் அள்ளப் போன அப்பா கிணற்றடியிலிருந்து என்னைக் கூப்பிட்டார். மாமர நிழலில் குந்தியிருந்து, கட்டிலருகிலிருந்து அங்கே கொண்டுவந்து வைத்திருந்த தொட்டிப் பன்னத்தில் ஓர் இலையைப் புரட்டிப் பிடித்திருந்தார்.

"இது சினைதானே மகன்?"

"ஓம்பா."

நன்றாகப் பார்த்துச் சொல் என்றார். பார்த்துச் சொன்னேன். இலையை மெல்ல விட்டார். தொட்டிக்கும் ஓட்டோவுக்குமாக அதற்கு அவர் கொடுத்தது மூவாயிரத்து இருநூறு ரூபா.