தொடக்கூடாத கோடு

எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவரை நாங்கள் ‘கோட்டுச்சாமி’ என்போம். அவருக்கும் தெரியும். கோட்டைப் பற்றித்தானே சொல்கிறார்கள் என்று உள்ளூரப் பெருமைதான்.

நேர்விகிதம் என்றால் அவருக்கு உயிர். ஒன்று இரட்டித்தால் மற்றதும் இரட்டிக்கும், ஒன்று பூஜ்யமானால் மற்றதும் பூஜ்யம். வரைந்தால் மூலையிலிருந்து புறப்படும் நேர்கோடு. இதைக் கரும்பலகையில் மர ஸ்கேலை வைத்து வரைந்தே பாதி ஆயுளைக் கழித்தவரின் வகுப்பில், ஒருநாள் பெரிய திரையும் கிராஃப் வரையும் மென்பொருளும் வந்து இறங்கின. மாணவர்கள் தாங்களே இழுத்துப் பார்த்துக் கற்க வேண்டும் என்பதற்காகவே வாங்கியது. திரையின் ஓரத்தில் ஒரு ஸ்லைடர். அதை முன்னே இழுத்தால் கோடு நிமிரும், பின்னே தள்ளினால் படுக்கும்.

முதல் நாள் கோட்டுச்சாமி இழுத்தார். கோடு எழுந்தது. வகுப்பே “ஹே!” என்றது. மந்திரவாதியைப் போலத் திரும்பிப் பார்த்தார்.

முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்தாள். “சார், நான் ஒரு தடவ இழுக்கட்டுமா?”

“இழுத்து இழுத்துத் தேஞ்சு போச்சுன்னா உங்கப்பாவா வாங்கித் தருவாரு? உக்காரு!”

அன்றிலிருந்து வகுப்பு முடிந்ததும் மவுஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவார். வைக்கோல்போர் நாயாவது தானும் தின்னாது. இவர் நன்றாகத் தின்றார், எங்களைத்தான் அண்டவிடவில்லை. அந்தப் பருவம் முழுக்க நாங்கள் கைகட்டி உட்கார்ந்து அவர் விளையாடுவதை வேடிக்கை பார்த்தோம்.

பெற்றோர் வரும் நாள் வந்தது. சொந்தமாக ஒரு உதாரணம் வேண்டுமென்று யோசித்தவர், புதிதாகத் தாத்தா ஆன பூரிப்பில் பேரனையே எடுத்துக்கொண்டார். கிடைமட்டத்தில் மாதம், மேலே எடை. “மாசத்துக்கு ஒரு கிலோ. பாருங்க, எவ்வளவு அழகா ஏறுது கோடு!”

பின்வரிசையில் ஒரு அம்மா மெல்லக் கேட்டார். “சார், என் பொண்ணு பொறக்கும்போதே மூணு கிலோ. உங்க கோட்டுல புள்ள ஒண்ணுமே இல்லாமப் பொறக்குதே?”

சிரிப்பு கிளம்பியது. கோட்டுச்சாமிக்குக் காது சிவந்தது. “இருங்க, ஏத்துறேன்” என்று ஸ்லைடரை மூன்றுக்கு இழுத்தார். கோடு செங்குத்தாக விறைத்ததே தவிர, மூலையை விட்டு நகரவில்லை. ஒரு வயதுக் குழந்தை முப்பத்தாறு கிலோவில் நின்றது.

“இடுப்புல தூக்கி வெச்சுக்க ரெண்டு பேரு வேணும்போல” என்றார் யாரோ ஒரு அப்பா.

தலைமையாசிரியை எழுந்தார். “சார், பசங்க கையில குடுங்க. அவங்களுக்குத்தானே வாங்கினோம்?”

தன் சொத்தை எழுதிக் கொடுப்பவர் முகத்தோடு மவுஸைக் கொடுத்தார். ஐந்தாறு கைகள் ஒன்றாகப் பாய்ந்தன. கோடு தலைகீழானது, காணாமல் போனது, திரும்பி வந்தது. அந்த அமளியில் முன் பெஞ்சுப் பெண் சமன்பாட்டின் பின்னால் ‘கூட்டல் மூன்று’ என்று தட்டிவிட்டாள். கோடு மூலையை விட்டு மேலே தாவியது.

“சார், இப்ப பொறக்கும்போதே மூணு கிலோ! ஆனா மூலையத் தொடலையே? அப்ப இது நேர்விகிதம் இல்லையா?”

நல்ல கேள்வி. பருவம் முழுக்க அவருக்குக் கிடைக்காத கேள்வி. அவர் சொன்ன பதில்: “மிஷின்ல ஏதோ கோளாறு.”

வீட்டில் போய்ப் புலம்பியிருக்கிறார். அவர் மனைவி, “பேரனை ஒரு தடவையாவது கையில தூக்கியிருந்தா எடை தெரிஞ்சிருக்கும்” என்றாராம். இதை எங்களுக்குச் சொன்னது அவர்கள் எதிர்வீட்டில் இருந்த அறிவியல் டீச்சர். வருத்தமாகத்தான் சொன்னார், ஆனால் எல்லா வகுப்பிலும் சொன்னார்.

மறுவாரம் கோட்டுச்சாமி கரும்பலகைக்கே திரும்பிவிட்டார். திரையைத் தனி அறைக்கு மாற்றி, நாங்கள் போய் இழுத்துப் பார்க்கும் நேரத்துக்கு விளையாட்டு வாத்தியாரைப் பொறுப்பாகப் போட்டார்கள். அவருக்குக் கணக்கும் தெரியாது, கணினியும் தெரியாது. “இது எதுக்கு? அது என்ன?” என்று எங்களையே கேட்பார். அவருக்கு விளக்கிச் சொல்லிச் சொல்லியே எங்களுக்கு நேர்விகிதம் புரிந்துவிட்டது.